எத வச்சுச் சொல்றீக

நல்ல பிள்ளதேன்னு ஒத்த வார்த்தையில சொல்லி உங்கள இப்பவே பஸ் ஏத்தி விட்ருவேன். எனக்கு அது ஒண்ணும் பெரிய வேல இல்ல. ஆனா கூடலூர்லருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக, மகனுக்குப் பொண்ணு பாக்குறீக, அப்படிச் சொல்லி அனுப்புனா நல்லாருக்காது. மாதா கோயில் உபதேசியார் சொல்லி விட்டாராக்கும், மதலேனாள் டீச்சரக் கேளுங்க, ஜெசிந்தாவுக்குப் பக்கத்து வகுப்பு அவுகதேன், அவுகளுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லன்னு. சரிதேன். உக்காருங்க. அது ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக பெஞ்சு, கொஞ்சம் குட்டையா இருக்கும், பாத்து உக்காருங்க.

இல்ல, அவ போயிட்டா. அவுகம்மாவுக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணிருக்கு, மணியடிச்ச ஒடனே ஓடிருவா. அவ போறதப் பாத்துட்டுத்தேன் நீங்க உள்ள வந்தீகன்னு எனக்குத் தெரியும். சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். தப்பில்ல. விசாரிக்க வாரவுக அப்படித்தேன் வருவாக.

அன்னத்தாயி, கூட்டுனது போதும், அந்தக் கடையில ரெண்டு டீ சொல்லிட்டு வா. சீனி போடலாம்ல உங்களுக்கு? சரி, ஒண்ணுக்குச் சீனி போடாம வாங்கியா.

கொணம் எப்படின்னு கேக்குறீக. அதக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வந்துச்சு. ஏன்னா அந்தப் பிள்ள பொழப்பே அதுதேன். பச்சப் பிள்ளைகளுக்கு ஆளு கொணத்தப் பாத்துச் சொல்லக் கத்துக் குடுக்குறது. நல்ல கொணமா இருங்கடான்னு புத்தி சொல்றதில்ல, அது நம்ம எல்லாரும் சொல்றதுதேன். ஒரு கதை சொன்னா, அதுல வாற ஆளு எப்படிப்பட்ட ஆளு, எத வச்சு அப்படிச் சொல்றன்னு கேக்குறது. ஏழு வயசுப் பிள்ளைகிட்ட.

நான் மொதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன். அவளப் பத்தி எங்கிட்டக் கேட்டா நேரான பதில் வராது. எனக்கு அவ மேல பொறாம. அந்த வார்த்தைய நானாச் சொல்லல, எனக்கு ஒரு சின்னப் பய வச்ச பேரு அது. அதப் பெறகு சொல்றேன். இப்ப என்னத்துக்குச் சொல்றேன்னா, நான் சொல்றத அப்படியே எடுத்துக்காம தட்டிப் பாத்து எடுத்துக்கங்க, அதுக்குத்தேன்.

இந்த ஹால்ல பாதி மூணாங்கிளாஸ், என்னோடது. அங்கிட்டுப் பாதி ரெண்டாங்கிளாஸ், அவளோடது. நடுவுல ரெண்டு பீரோ, ஒரு மூங்கித் தட்டி, அம்புட்டுத்தேன் சொவரு. அங்க ஒரு பிள்ள தும்முனா எனக்குக் கேக்கும். அவ வாரதுக்கு முந்தி அங்கிட்டு ஒரு வயசான டீச்சர் இருந்தாக, அவுக சத்தமே வராது. என் சத்தந்தேன் ரெண்டு வகுப்புக்கும். நான் கதை சொன்னா அந்தப் பிள்ளைகளும் சேந்து கேக்கும். ராசான்னா ராசா மாதிரிப் பேசுவேன், பேய்னா பேய் மாதிரிப் பேசுவேன், சின்னப் பிள்ளைக ஒண்ணுக்குப் போயிரும். கதை முடிஞ்சதும் யாரு நல்லவன், யாரு கெட்டவன், இதுனால நமக்கு என்ன தெரியுது, இம்புட்டுத்தேன் கேப்பேன். பிள்ளைக ஒரே கொரல்ல கத்தும். ஆபீசர் வந்து கேட்டுட்டு சந்தோசமாப் போவாக. இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல அப்படித்தேன் ஓடுச்சு. இந்த ஊருக் கடத்தெருவுல நான் நடந்து போனா மீச வச்ச ஆளுகெல்லாம் சைக்கிள விட்டு எறங்கி நிப்பாக.

அப்ப இவ வந்தா. ரெண்டு வருசம் ஆச்சு. ஆனி மாசக் காத்து, தட்டியே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி அடிக்குது, குச்சி மாதிரி ஒரு பிள்ள தலையெல்லாம் கலஞ்சு வந்து நிக்குது. குட் மார்னிங் டீச்சர்ங்குது, சத்தம் எனக்கே கேக்கல. ஆத்தாடி, இது எங்கிட்டுப் பிள்ளைகள மேய்க்கன்னு நெனச்சேன். சந்தோசமாத்தேன் நெனச்சேன், பொய் சொல்லக் கூடாதுல்ல.

ஒரு வாரம் கழிச்சு தட்டிக்கு அங்கிட்டு ஒரு கதை ஓடுது. ஒரு கரடி. அதுக்குப் பெரிய பலாப்பழம் ஒண்ணு கெடச்சிருச்சு. யாருக்கும் தெரியாம உருட்டிக்கிட்டுப் போயி கொகைக்குள்ள வச்சுக்கிருச்சு. அன்னைக்குப் பாத்து மழ. ஒரு கொரங்கு குட்டியத் தூக்கிக்கிட்டு நனஞ்சு வந்து ஒதுங்க எடம் கேக்குது. கரடி உள்ள வான்னுருச்சு. தான் படுத்திருந்த கதகதப்பான எடத்தையே குட்டிக்குக் குடுத்துருச்சு. ஆனா பலாப்பழத்த மட்டும் காட்டல. அது மேலயே உக்காந்துக்கிட்டு விடிய விடிய முழிச்சிருந்துச்சு. வாசம் மட்டும் கொக பூரா அடிக்குது. கொரங்கு ஒண்ணும் கேக்கல. விடிஞ்சு போயிருச்சு. கதை அம்புட்டுத்தேன்.

நான் சாக்பீசக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், என்னடா கதை இது, தலையும் இல்ல வாலும் இல்லன்னு. அவ கேக்குறா, கரடி எப்படிப்பட்டதுன்னு. ஒரு பய கெட்ட கரடிங்குறான். எத வச்சுச் சொல்றங்குறா. பழத்த ஒளிச்சு வச்சுக்கிருச்சுல்லங்குறான். இன்னொன்னு எந்திரிச்சு, எடம் குடுத்துச்சுல்ல, நல்ல கரடிதேங்குது. ரெண்டுக்கும் சண்ட. எனக்குள்ள ஒரே குறுகுறுப்பு, எந்தப் பக்கம் முடிப்பான்னு. அவ முடிக்கவே இல்லங்க. அப்ப நல்லதுங்குறதும் பத்தல, கெட்டதுங்குறதும் பத்தல, வேற வார்த்த வேணும், வீட்டுல போயிக் கேட்டுட்டு வாங்க, பழத்த ஒளிச்சு வைக்கிற ஆள உங்க வீட்டுல என்னன்னு சொல்லுவாகன்னு அனுப்பி விட்டுட்டா.

மறுநா காலையில பிள்ளைக வார்த்தையோட வருதுக. கஞ்சன்னு ஒண்ணு, பிசுனாறின்னு ஒண்ணு, அமுக்குணின்னு ஒண்ணு. எங்க சித்தப்பா மாதிரின்னு ஒரு பய. எடம் குடுத்ததுக்கு எரக்கம், மனசு எளகுனது, ஈரக்கொலன்னு என்னென்னமோ. ஒவ்வொண்ணையும் அட்டையில எழுதி, அந்தா பாருங்க, அந்தக் கவுத்துல துணிக் கிளிப்ப வச்சு மாட்டுவா. ஆனா எத வச்சுச் சொல்றன்னு கேட்டு பதில் சொன்னாத்தேன் மாட்டுவா. பதில் இல்லாத வார்த்த கீழ பெட்டிக்குள்ள கெடக்கும். பிள்ளைகளுக்கு அது மானப் பிரச்சன ஆயிருச்சு. என் வார்த்த மேல ஏறணும்னு கதையத் திரும்பத் திரும்பக் கேக்கும். கரடி என்ன பண்ணுச்சு, என்ன சொல்லுச்சு, சும்மா இருக்கையில எப்படி இருந்துச்சு. எல்லாத்தையும் தோண்டும்.

அன்னைக்கு என் வகுப்புல பாதிப் பிள்ளைக தட்டி ஓட்டையில கண்ண வச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன், ராசா கொரல்ல. ஒண்ணும் திரும்பல.

நான் சொன்னேன்ல அந்தப் பொறாம, அன்னைக்கு ஆரம்பிச்சது.

அடுத்த வருசம் அவகிட்டப் படிச்ச பிள்ளைக எங்கிட்ட மூணாங்கிளாசுக்கு வந்துருச்சுக. அபிதான்னு ஒண்ணு, ரெட்ட சடை. நான் கதைய முடிச்சு, இந்த வியாபாரி நல்லவன்னு சொல்லி வாய மூடல, எந்திரிச்சு, டீச்சர், எத வச்சுச் சொல்றீகங்குது. மருவாதையாத்தேன் கேக்குது. எனக்குச் சொல்லத் தெரியலங்க. புத்தகத்துல நல்லவன்னு போட்டிருக்கு, வேற என்னத்தச் சொல்ல. உக்காருன்னேன். உக்காந்துருச்சு. அது உக்காந்த விதம் இருக்கே, பாவம் டீச்சருக்குத் தெரியலங்குற மாதிரி. அன்னைக்கு வீட்டுக்குப் போயி ஒல வச்சுட்டு அப்படியே நின்னேன், அரிசி போடாம.

இந்த ஊருல சங்கிலியம்மாள்னு ஒரு பொண்ணு. கருக்கல்லயே ஜீப்புல மல ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போயிரும், பொழுதடஞ்சுதேன் எறங்கும். அது மகன் திலீபன் ஒண்ணாங்கிளாஸ் பூரா வாயத் தெறக்கல. ஊமைன்னே நெனச்சுட்டாக. அந்தப் பயலப் பேச வச்சுட்டா இவ. எப்படின்னா, அவனப் பேசச் சொல்லவே இல்ல. கரடி மூஞ்சி எப்படி இருக்கும், கொரங்கு மூஞ்சி எப்படி இருக்கும்னு செஞ்சு காட்டச் சொன்னா. அந்தப் பய பழத்து மேல உக்காந்திருக்குற கரடி மாதிரி உக்காந்தான் பாருங்க, ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் வெக்கம். தட்டி ஓட்டையில கண்ண வச்சுக்கிட்டு நானே பாத்தேன். ஆமா, நானுந்தேன். பெறகு மெல்ல ஒரு வார்த்த வந்துச்சு அவனுக்கு. கூச்சக் கரடின்னான். எத வச்சுச் சொல்றன்னா. கொரங்கு மூஞ்சியவே பாக்கல டீச்சர்னு சொன்னான். அது வரைக்கும் ஒருத்தருக்கும் தோணல அது.

சங்கிலியம்மாள் அந்த வாரம் ஒரு கூட திராட்ச கொண்டாந்துச்சு. மொதக் காயிப்பு. அது அண்ணன் தோட்டம். இந்த ஊருல மொதக் காயிப்பு எந்த வீட்டுல வெட்டுனாலும் எனக்கு ஒரு கொத்து வந்துரும், அது ஒரு வழக்கம் மாதிரி. நான் மேசையில எடம்கூட ஒதுக்கிட்டேன். அது என் வாசல் வழியாத்தேன் போகணும். வணக்கம் டீச்சர்னு சொல்லிட்டு நேரா அங்கிட்டுப் போயிருச்சு. ஜெசிந்தா பாதியப் பிச்சுக்கிட்டு எங்கிட்டத்தேன் வந்தா, சாப்பிடுங்க டீச்சர்னு. எனக்குச் சளி பிடிச்சிருக்குன்னுட்டேன். அந்தக் கருப்புத் திராட்ச வாசம் சாயங்காலம் வரைக்கும் ஹால் பூரா அடிச்சுச்சு.

சிரிக்கிறீக. சிரிங்க. இப்ப நெனச்சா எனக்கும் சிரிப்பாத்தேன் இருக்கு, அப்ப இல்ல.

இன்னொன்னும் கேளுங்க. நானும் அது மாதிரிச் செஞ்சு பாத்தேன். கரடின்னா கண்டுபிடிச்சிருவாகன்னு, கரடியப் புலியாக்கி, பலாப்பழத்த வாழத்தாரா மாத்தி, வீட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டு வந்து வகுப்புல சொன்னேன். புலி எதுக்கு டீச்சர் வாழத்தாருக்கு ஆசப்படுதுன்னு கேட்டுச்சுக. இது கரடிக் கததானே, ஜெசிந்தா டீச்சர் சொன்னாகளேன்னுச்சு அபிதா. அங்கிட்டு அவ காதுல விழாம இருக்குமா.  சிரிச்சிருந்தாக்கூட எனக்கு ஆறிருக்கும். சிரிக்கல.

மத்தியானம் சத்துணவு போடையில எங்கிட்ட வந்து உக்காந்தா. டீச்சர், உங்க கொரல் எனக்கு வரமாட்டேங்குது, நீங்க ராசா மாதிரிப் பேசுனா என் பிள்ளைக என்னய விட்டுட்டு தட்டியப் பாக்குதுக, அத எனக்குச் சொல்லிக் குடுங்களேன்னா. நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன். கேலி பண்றாளோன்னு மொகத்தப் பாத்தேன். இல்ல. நெசமாக் கேக்குறா. அதுதேன் எனக்குத் தாங்கல. கெட்டவளா இருந்திருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா வஞ்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

பெறகு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தட்டிய எடுத்துட்டு ரெண்டு வகுப்பையும் ஒண்ணா உக்கார வச்சோம். நான் கதை சொல்லுவேன். அவ கேள்வி கேப்பா. எங்க எச்.எம். பெரிய சிஸ்டர் வந்து பாத்துட்டு, ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு டீச்சருன்னு சொன்னாக. பாராட்டித்தேன் சொன்னாக. இருவத்தஞ்சு வருசம் முழு டீச்சரா இருந்துட்டு இப்பப் பாதியாயிட்டேனான்னு அதுக்கும் ஒரு வாரம் தூக்கமில்ல எனக்கு.

டீ வந்துருச்சு. எடுத்துக்கங்க. சூடா இருக்கும்.

அந்தப் பய எனக்குப் பேரு வச்சதச் சொல்றேன்னேன்ல. அவ ஒரு வெளாட்டு வச்சிருந்தா. நம்ம ஸ்கூல்ல ஒரு ஆள, பேரு சொல்லாம, கதையில வாற மாதிரிச் சொல்லணும். மத்தவுக யாருன்னு கண்டுபிடிக்கணும். அன்னைக்குத் தட்டி போட்டுத்தேன் இருந்துச்சு. நான் இங்கிட்டுக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். திலீபன் கொரலு. ஒரு டீச்சர் இருந்தாக, அவுகளுக்குப் பொறாமங்குறான்.  எத வச்சுச் சொல்றன்னா அவ, ரொம்ப மெதுவா. நாங்க எங்க டீச்சர்கிட்டப் போயிச் சிரிச்சா அவுக மூஞ்சியத் திருப்பிக்கிறாக. எங்கம்மா திராட்ச கொண்டாந்தப்ப சளின்னு சொன்னாக, ஆனா அவுகளுக்குச் சளி இல்லன்னுட்டான்.

நான் போர்டுக்கு முன்னாடி நிக்கிறேன். என் பிள்ளைகெல்லாம் என்னயப் பாக்குதுக. ஓடிப்போயி அந்தப் பய காதத் திருகணும்னு இருக்கு. போகல. ஏன்னா அவன் சொன்னது சரி. காரணத்தோட சொல்லிட்டான். கவுத்துல மாட்டித்தேன் ஆகணும்.

அவ என்ன பண்ணுவான்னு காத வச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்படிச் சொல்லக் கூடாதுடான்னு அவன அடக்கியிருந்தா, எனக்காகப் பாவம் பாத்துட்டான்னு நான் செத்தே போயிருப்பேன். அவ அடக்கல. அவுககிட்ட வேற என்ன பாத்திருக்கன்னு கேட்டா. பய எந்திரிச்சு, எனக்குக் காச்சல் வந்தப்ப எங்கம்மா மலையில இருந்துச்சு, அவுகதேன் சாயங்காலம் வரைக்கும் மடியில போட்டுக்கிட்டு ஈரத்துணி வச்சாகன்னான். நான் அத மறந்தே போயிட்டேன். ரெண்டையும் சேத்துச் சொல்லுன்னா. சொன்னான். யாருன்னு கண்டுபிடிங்கன்னு அவ கேக்கல. வெளாட்ட அப்படியே நிறுத்திட்டு வாய்ப்பாடு சொல்ல விட்டுட்டா.

சாயங்காலம் எங்கிட்ட வந்து நின்னா.   ரெண்டு பேரும் கோயில் முக்கு வரைக்கும் ஒண்ணா நடந்து போனோம்.

அதுக்குப் பெறகும் பொறாம போகலங்க. பேரு வச்சதுனால எறங்கிரும்னு நெனச்சேன், எறங்கல. ஆனா ஒளிச்சு வைக்கத் தேவையில்லாமப் போச்சு.

ம்? கோவம் வருமாவா? வரும். பிடிவாதம் சாஸ்தி. சொன்னாக் கேக்க மாட்டா. எத வச்சுச் சொல்றேன்னு நீங்களே கேக்கணும் இப்ப. போன மழைக்குக் கூர ஒழுகுச்சு, வகுப்ப மரத்தடிக்கு மாத்துன்னு சொன்னாக, ஓடு மாத்துற வரைக்கும் ஆபீஸ் ரூம்லதேன் பாடம் எடுப்பேன்னு பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போயி சிஸ்டர் மேசையச் சுத்தி உக்கார வச்சுட்டா. மூணா நாளு ஓடு வந்துருச்சு. வேலையில மூழ்கிட்டா சாப்பாட்ட மறந்துருவா. அட்டெண்டன்ஸ் போட மறந்துருவா. சமையலு சுமாரு, அவ கொண்டாற புளிக்கொழம்புல புளியும் இருக்காது கொழம்பும் இருக்காது. எல்லாத்தையும் சொல்லணும்ல.

யாரு சொன்னது வாயாடின்னு? மேலத் தெருக் கடைக்காரரா. ஓகோ. அதேன் வந்ததுலருந்து ஒரு மாதிரி முழுங்கிக்கிட்டே இருந்தீகளா. எத வச்சுச் சொன்னாருன்னு கேட்டீகளா? கேக்கலல்ல. நான் சொல்றேன். அவரு மக ஜோதிகா ரெண்டாங்கிளாஸ். அந்தப் பிள்ளைய நாலு மாசமா ஸ்கூலுக்கு அனுப்பாம பொட்டலம் மடிக்க வச்சிருந்தாரு. நானும் ரெண்டு தடவ சொல்லி விட்டேன், அதோட விட்டுட்டேன். இவ தெனம் கடைக்குப் போவா. ஒண்ணும் வாங்க மாட்டா. யாவாரத்துக்கு எடஞ்சல் பண்ணாம ஓரமா நின்னுக்கிட்டு, ஜோதிகா எப்ப வருவான்னு மட்டும் கேப்பா. வாரவுக போறவுகெல்லாம் கேப்பாகள்ல, டீச்சர் ஏன் இங்கன நிக்கிறாகன்னு. அவருக்கு மானம் போச்சு. பிள்ள ஸ்கூலுக்கு வந்துருச்சு. இவளுக்கு வாயாடின்னு பேரு வந்துருச்சு. அந்த ஆளுகிட்ட அவ மொத்தமாப் பேசுனது பத்து வார்த்த இருக்காது.

அந்த ஒத்த வார்த்தைய நம்பி நீங்க இங்கன வராம அப்படியே பஸ் ஏறிப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கிறேன். வந்தீகளே, அந்த மட்டுக்கும் நல்லது. இந்தத் தடவயாவது வந்தீக.

இல்ல, சரியாத்தேன் சொல்றேன். இந்தத் தடவன்னுதேன் சொன்னேன்.

உங்களுக்கு என்னய ஞாபகம் இல்ல. கேட்டுல நொழையும்போதே தெரிஞ்சு போச்சு. உபதேசியார் உங்க பேரு மரிய ஜோசப்புன்னு சொன்ன ஒடனே எனக்குத் தெரியும். எண்பத்தி மூணு, வைகாசி. அப்ப எங்க வீடு சின்னமனூர்ல, வெத்தலக் கொடிக்காலுக்கு எதுத்தாப்புல. நீங்க, உங்கப்பா, உங்க அத்த ஒருத்தவுக, மூணு பேரும் வந்தீக. எங்கம்மா பணியாரம் சுட்டுச்சு. என்ன படிச்சிருக்கன்னு நீங்கதேன் கேட்டீக. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்கேன், வேலைக்குப் போவேன்னு சொன்னேன். தலையக் குனியாமச் சொன்னேன். உங்களுக்குப் பிடிச்சுத்தேன் இருந்துச்சு, வாசல்ல செருப்பப் போடும்போது திரும்பிப் பாத்தீக. உங்க அத்த எனக்குப் பூ வச்சு விட்டாக. கோயில்ல கல்யாண ஓல வாசிக்கிறது என்னைக்குன்னு உங்கப்பாவும் எங்கப்பாவும் பேசிட்டாக. பெறகு ஆளக் காணோம். பொண்ணு திமிர் பிடிச்சதாம், ஊருக்குள்ள விசாரிச்சதுல சொன்னாகன்னு ஒரு ஆளுகிட்டச் சொல்லி விட்டீக.

எந்திரிக்காதீக. உக்காருங்க. சண்டைக்குச் சொல்லல. டீயக் குடிங்க.

யாரு சொன்னான்னு எங்கப்பா தெருத் தெருவாக் கேட்டாரு. தெரியல. அந்த வார்த்த அடுத்து வந்த எடங்களுக்கெல்லாம் எங்களுக்கு முந்திப் போயிச் சேந்துருச்சு. தங்கச்சிகளுக்குக் கல்யாணம் ஆச்சு. நான் இங்கன வந்துட்டேன். நல்லாத்தேன் இருக்கேன், கொற ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக்காரவுக நல்லவுகன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

ஆனா நேத்து உபதேசியார் வந்து எந்த வீட்டுக்குன்னு சொன்னதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. பிள்ளைகளப் பிடுங்கிக்கிட்டா, சங்கிலியம்மாளோட திராட்சையப் பிடுங்கிக்கிட்டா, கடைசில அந்த வீடும் இவளுக்குத்தேனான்னு. அவளச் சொல்லிக் குத்தமில்ல, அவளுக்கு எதுவுமே தெரியாது. நீங்களும் சொல்ல வேணாம். காலையிலருந்து ஒரு வார்த்த என் நாக்கு நுனியில நிக்குது. எந்த வார்த்தன்னு கேக்காதீக. அத நான் சொல்லிருந்தா நீங்களும் நம்பியிருப்பீக, ஒரே ஸ்கூல் டீச்சரு சொல்றாகளேன்னு. சொல்லல. எத வச்சுச் சொல்றீகன்னு கேக்குற பிள்ளைக இன்னும் வாசல்ல ஓடியாடிக்கிட்டு இருக்குதுக, அதுகளுக்கு நடுவுல இருந்துக்கிட்டு எனக்கு அதச் சொல்ல வரல.

எங்கிட்டக் கேட்டதெல்லாம் போதும். அவகிட்டயே போயிக் கேளுங்க. மொறையில்லதேன், மாப்பிள்ளையோட அப்பா தனியாப் போயி நிக்கிறது. பரவால்ல, போங்க. கோயிலுக்குப் பின்னாடி சந்துல மூணாவது வீடு, நீலக் கதவு. அவுகம்மாவுக்குக் கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு இருப்பா. கடைக்காரர் இப்படிச் சொன்னாரு, நீ என்ன சொல்றம்மான்னு நேராக் கேளுங்க. சொல்லுவா. கேட்டுட்டு உங்களுக்குப் பிடிச்சாப் பேசுங்க, பிடிக்கலன்னா அத அவ மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க.

நீங்க ஒரு நா திரும்பி வந்து அப்படிக் கேப்பீகன்னு எங்கப்பா ரொம்ப நாளு எதிர்பாத்துக்கிட்டு இருந்தாரு. நானுந்தேன்.